மாமனாரை மூடத் தெரிந்தவள்

அவள் எழுதிய புரோகிராமுக்குள் ஒரு மாமனார் இருந்தார். இரத்தப் பரிசோதனைக் கூடங்களின் கவுன்டர்களில் ஓடுகிற புரோகிராம் அது. திரையில் திறக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளே ஒரு பெயர் உண்டு. வந்தவர் வேலை முடிந்து கிளம்பியதும், பெயரைச் சொல்லித் தேடி அவருடைய பெட்டிகளைப் புரோகிராம் மூட வேண்டும். மற்றவர்கள் ஒழுங்காக முடிவுப் பெட்டி, ரசீதுப் பெட்டி என்று வைப்பார்கள். இவளுக்கு அப்போது வேலையும் புதிது, கல்யாணமும் புதிது. குறும்புக்கு, புகுந்த வீட்டு ஆட்களையே உள்ளே குடியேற்றிவிட்டாள். கூப்பிடாமலே வந்து நிற்கும் பெட்டி நாத்தனார். எல்லாரையும் அடக்கிவைத்திருக்கும் பெரிய பெட்டி மாமியார். உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்காதது மாமனார். ஆபீசே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நல்ல வேலை தேடிப் போய்விட்டார்கள். அந்தக் குடும்பத்தைக் கட்டிக்கொண்டு அழ இவள் ஒருத்திதான் மிஞ்சினாள்.

அதற்கப்புறம் எந்தக் கூடத்தில் எது மூடாவிட்டாலும் போன் இவளுக்குத்தான். ஒருமுறை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, வாய் நிறையப் பஞ்சோடு உட்கார்ந்திருந்தபோது முதலாளி கூப்பிட்டார். மாமனார் அடம்பிடிக்கிறாராம். இவள் 'ம்', 'ம்ஹும்' என்றே அவரை மூடிவைத்தாள்.

கணவனுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி, மகளும் அவனோடு போய்ப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். 'நானும் வந்துடறேன்' என்று இவள் சொல்லிச் சொல்லியே இரண்டு வருஷம் ஓடியது. கடைசியில் அந்த ஊரிலேயே ஒரு வேலை கிடைத்தது. மாதக் கடைசிக்குள் சேர வேண்டும், பழைய ஆபீஸ் விடுவித்ததாகக் கடிதமும் கொண்டுவர வேண்டும் என்றார்கள்.

"உன்னை யாரும்மா புடிச்சு வச்சிருக்கா? வர்ற ஆளுக்கு எல்லாத்தையும் மூடக் கத்துக்குடு. அன்னிக்கே லெட்டர் தர்றேன்" என்றார் முதலாளி. கெட்ட மனுஷர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

புது ஆள் பொறுமைசாலிதான். ஆனால் எந்த நாத்தனார் எங்கே வருவாள், யாரை மூடினால் யார் கூடவே போவார் என்பது அவருக்குக் குழம்பிக்கொண்டே இருந்தது. அந்த வீட்டில் பிறந்தவர்களே திணறுகிற விஷயம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாட்கள் கரைந்தன. பெயர்களையெல்லாம் தூக்கிவிட்டு யாருக்கும் புரிகிற பெயராக வைத்துவிட்டால் என்ன என்று இவளுக்குத் தோன்றியது. சாப்பாட்டு வேளையிலும் உட்கார்ந்து மாற்றினாள். ஆபீசில் ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் சமர்த்தாக மூடிக்கொண்டன. மகளுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியும் விட்டாள்.

புதுப் புரோகிராம் கூடங்களுக்குப் போனது. கவுன்டரில் இருப்பவர் எந்தப் பெட்டிகளைத் திறந்துவைப்பார் என்பதை அங்கிருந்த கணினிகள் பழைய பெயரிலேயே ஞாபகம் வைத்திருந்தன. அந்த வசதியைச் செய்துகொடுத்ததும் இவள்தான், மறந்துபோனதும் இவள்தான். மூடுகிற நேரத்தில் கணினி இன்னும் மாமனாரையே தேடியது. அந்தப் பெயரில் ஆளில்லை என்றால் புரோகிராம் கத்தாது, கூப்பாடு போடாது, பேசாமல் அடுத்த வேலைக்குப் போய்விடும். போனவருடைய பெட்டி அப்படியே உட்கார்ந்திருக்க, அடுத்து வந்தவரின் சர்க்கரை அளவு அதில் ஏறியது. தாளைக் கையில் கொடுக்கும் முன் அங்கிருந்த பெண் கவனித்ததால் பிழைத்தார்கள்.

முதலாளி திட்டவில்லை. பழையதையே போடச் சொன்னார். இனிமேல் பெயரில் யாரும் கைவைக்கக் கூடாது என்றும் சொன்னார். மாமனார், மாமியார், நாத்தனார் எல்லாரும் திரும்பி வந்தார்கள். இவளே தன் கையால் கூட்டிவந்தாள்.

மறுநாள் புது ஆள் பையை மாட்டிக்கொண்டு இவள் மேஜைக்கு வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இதுல மாட்டிக்கிட்டா நானும் உங்கள மாதிரி ஆயிடுவேன்." சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகாதவருக்கு எந்தக் கடிதமும் தேவைப்படவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். இவளுக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

வேறு ஆள் பார்க்கலாம், கொஞ்சம் பொறுத்துக்கோ என்றார் முதலாளி. புது ஆபீசைக் கூப்பிட்டால், காத்திருக்க முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். மகளிடம் எப்படிச் சொல்வது என்று மாடிப்படியில் நின்று யோசித்தாள். அழுவாள், கோபப்படுவாள், போனை அப்பாவிடம் கொடுத்துவிடுவாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்துகொண்டுதான் போன் போட்டாள்.

மகள் முழுசாகக் கேட்டாள். "பரவால்லம்மா. இப்ப நானே ஜடை பின்னிக்கறேன், நானே லஞ்ச் கட்டிக்கறேன். நீ அவசரப்பட்டு வர வேணாம்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். தயார் செய்து வைத்திருந்த பதில்களில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை.