வாசல் வெளிச்சத்துக்கு ஒரு முறை

நான் அரிச்சுவடியோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கணக்கு வராது, கவலை மட்டும் நன்றாக வரும். பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டைக்குப் போகும் துணிகளுக்குப் பூவும் கொடியும் புதிது புதிதாகக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பது எங்கள் கொட்டகையின் தொழில். அந்த மாதிரியைப் பார்த்துத்தான் சாயக்காரர்கள் துணியில் தீட்டுவார்கள்.

மூன்று பேராக இருந்தவரை மாதிரிகள் தானாக வந்துகொண்டிருந்தன. வேலை பெருகுகிறதே என்று பொன்னேரிப் பக்கமிருந்து ஆறு பேரைச் சேர்த்தேன். அன்றோடு மாதிரி வருவது நின்றுபோனது. கொட்டகையில் வாசலோரம்தான் நல்ல வெளிச்சம். விடிந்தால் அந்த இடத்துக்குத் தள்ளுமுள்ளு. இடம் பிடித்தவர் தோளுக்குப் பின்னால் நான். "முடிஞ்சுதா?" என்பேன். கோடு கோணிக்கொள்ளும்.

கோட்டைக்காரர்களுக்காக எங்களிடம் பேசுகிற துபாஷி ஒருநாள் வந்தார். "கப்பல் வர்றதுக்குள்ள ஆளுக்கு ஒரு புது மாதிரி காட்டு. இல்லன்னா இத்தினி பேரு உனக்கு இன்னாத்துக்கு? பழையபடி மூணு பேரோட இரு."

ஆறு பேரும் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் மனைவி ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவள். தட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க நைனா ஊர்ல அவ்ளோ பெரிய ஏரியையே பாடு போட்டுப் பிரிச்சிக்கிறாங்க. உன்னால ஒரு வாசப்படியைப் பிரிக்க முடியலயா?"

பாடு என்றால் முறை. நல்ல மீன் படும் இடத்தில் இன்றைக்கு யார் வலை என்று குப்பத்தில் சீட்டுப் போட்டு வைத்துக்கொள்வார்கள். அந்த முறையன்று இன்னொருவர் பக்கத்தில் வரமாட்டார். 'பட்டுதா?' என்று கூவவும் மாட்டார்.

மறுநாளே சீட்டுக் குலுக்கினோம். முறைக்காரர் வாசலில் உட்கார்ந்து புது மாதிரி எழுதுவார். மற்றவர்கள் உள்ளே பழையதைப் படி எடுப்பார்கள். முறைக்காரரை யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டவருக்கு அபராதம்: படி எடுக்கத் தேவையான அன்றைய கரியை அவரே இடிக்க வேண்டும்.

கொஞ்ச நாள் நானேதான் இடித்தேன்.

"இன்னாண்ணா, மூஞ்செல்லாம் கரி? இன்னைக்கும் கேட்டுட்டியா?"

"நான் எங்கடா கேட்டேன்? இருமினேன்."

"கேள்வி மாதிரியில்ல இருமினே!"

ஆனால் மாதிரிகள் வந்தன. கப்பலின் பாய் தெரிகிறது என்று கரையில் பேச்சு கிளம்பியபோது மீதி ஒன்றே ஒன்று. கடைசிச் சீட்டு என்னுடையது.

வாசலில் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கட்டுப்பாட்டை அவ்வளவு மரியாதையாகக் காத்தார்கள், பாவிகள். தாங்காமல் திரும்பினேன். எட்டுக் கழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்றாக நீண்டிருந்தன. வாய்கள் மட்டும் மூடியிருந்தன. அவற்றுக்கும் பின்னால் கூழ்ச்சட்டியோடு என் மனைவியின் கழுத்து.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏரியில் பூநாரைகள் நிற்பது இதே மாதிரிதான். அதையே எழுதினேன்: வரிசையாகப் பூநாரைகள், ஒவ்வொன்றும் முன்னால் நிற்பதன் முதுகுக்கு மேல் எட்டிப் பார்க்கிறது.

துபாஷி எல்லாவற்றையும் புரட்டி அதில் வந்து நின்றார். "இதுங்க இன்னாத்தைப் பாக்குது?"

"முடிஞ்சுதானு பாக்குதுங்க" என்றாள் என் மனைவி உள்ளிருந்து.

அவர் சிரிக்கவில்லை. ஒன்றையும் ஒதுக்காமல் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஆளுங்க இருக்கட்டும்" என்று சொல்லிப் போனார்.

அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான், கப்பல் நல்லபடியாகப் போய்ச் சேருமா என்று தோன்றியது.