மடித்துத் தந்த சட்டை

டென்மார்க்கின் யூலண்டில் ஒரு சிறிய உதைபந்தாட்டக் கழகத்தில் உடுப்புத் தோய்க்கிறேன். அங்கே முன்களத்தில் ஆட வந்திருந்த நோர்வேக்காரருக்குக் காதோரம் நரைத்திருந்தது. அவரைப் பெரும்பாலும் களத்தில் இறக்காமல் ஓரத்து வாங்கிலேயே இருத்திவிடுவார்கள். மற்றவர்கள் சட்டையைச் சுருட்டி எறிவார்கள். அவர் மடித்துத் தருவார்.

"தோய்க்காதேங்கோ. வாங்கில குந்தியிருந்தவனுக்கு என்ன வியர்வை?" என்று என் அரைகுறை டேனிஷுக்கு விளங்கும்படி மெதுவாகச் சொல்வார்.

ஒப்பந்தம் முடியும் முன் வந்த கடைசி ஆட்டத்தன்றும் மடித்தே தந்தார். வழக்கம்போல அலுமாரியில் வைத்துவிட்டேன்.

"இண்டைக்குத் தோய்க்க வேணும். பத்து நிமிசம் ஆட விட்டவங்கள்."

எடுத்தேன்; நனைந்திருந்தது. வெட்கமாகிவிட்டது.

"கோல் அடிச்சனீங்களோ?"

"இல்லை. ஓடினனான்," என்று களைத்துப்போய்ச் சிரித்தார்.

கழகம் ஒப்பந்தத்தை நீட்டவில்லை, அவர் போய்விட்டார். இப்போது யார் மடித்துத் தந்தாலும் முதலில் தொட்டுப் பார்க்கிறேன்.