வராத நாளை வரவில்லை என்று எழுதியவர்

சென்ற வியாழக்கிழமை காலை, புளி வரத்துச் செய்தியைப் பத்திரிகைக்குத் தந்தியில் கொடுக்கத் தபாலாபீசுக்குப் போயிருந்தேன். தந்தி குமாஸ்தா என் தாளை வாங்கவில்லை. "உங்களுக்குச் சேதி வரலீங்களா? நம்ம ஏட்டய்யா விடியக்காலம் போயிட்டாருங்க" என்றார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அன்று எங்கள் ஊர்ப் புளி விலை பத்திரிகையில் வரவில்லை.

ஏட்டய்யா என்று ஊரே அழைத்த திரு. முனிரத்தினம் அவர்கள் எங்கள் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனில் நெடுநாள் பணியாற்றியவர். ஆனால் ஓய்வு பெற்றபோது அவர் ஏட்டு அல்ல, சாதாரணக் கான்ஸ்டபிள். அது எப்படி நேர்ந்தது என்பதை அறியாதவர்கள் இப்போது ஊரில் அதிகம். அவர்களுக்காகவும், அதில் எனக்கிருந்த பங்கை ஒப்புக்கொள்வதற்காகவும் இதை எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் அவர் இங்கே ஏட்டாக மாற்றலாகி வந்தார். பாப்பாரப்பட்டிப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, ஸ்டேஷனில் தமிழ், எல்லை தாண்டி வரும் மாட்டு வியாபாரிகளிடம் கன்னடம். மூன்றிலும் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவருக்குக் கீழே நான்கு கான்ஸ்டபிள்கள். சந்தையும் இரண்டு தெருவுமாக ஊர் இருந்த காலத்தில் போட்ட கணக்கு அது. அவர் வந்த சில வருஷங்களிலேயே புளி மண்டிகள் பெருகின, பஸ்கள் வந்தன, மண்டிகளுக்குப் பின்னால் வரிசையாகப் புதுத் தெருக்கள் முளைத்தன. கடத்தூரிலிருந்தும் கம்பைநல்லூரிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அங்கே குடியேறினார்கள். ஸ்டேஷனில் மட்டும் அதே நால்வர். அவர்களிலும் ஒருவர் கைதியோடு கோர்ட்டுக்குப் போவார். ஒருவர் சம்மன் கொடுக்கப் போவார். ஒருவர் ஸ்டேஷன் வாசலில் பாரா நிற்பார். தெருக்களுக்கு மிஞ்சுவது ஒருவர்தான்.

ஒவ்வொரு தெருவிலும் ஏதாவது ஒரு கடையில் ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கும். ரோந்து வரும் கான்ஸ்டபிள் அதில் நேரம் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். 'பீட்டுப் பொஸ்தகம்' என்பார்கள். வாரம் ஒருமுறை அதைப் பிரதி எடுத்து மேலிடத்துக்கு அனுப்புவது விதி.

ஊருக்குக் கூடுதல் போலீஸ் வேண்டும் என்று வியாபாரிகள் மகஜர் தயாரித்தார்கள். நிருபன் என்ற முறையில் நிலைமையை நேரில் பார்த்து எழுதத் தீர்மானித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நடந்து, எல்லாப் புத்தகங்களையும் புரட்டி, கையெழுத்துகளை ஒன்றுவிடாமல் எண்ணினேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை. 'ஆள் குறைவாயினும் ரோந்து ஒழுங்காகவே நடைபெறுகிறது' என்று பத்திரிகைக்கு எழுதினேன். என் கணக்கில் பிழையில்லை என்று எனக்குப் பெருமையும் இருந்தது.

சில வாரங்களில் மகஜருக்குப் பதில் வந்தது. ரோந்துப் புத்தகங்களின்படி ஊரில் காவல் குறைவில்லை, பத்திரிகைச் செய்தியும் அதையே உறுதி செய்கிறது, ஆகவே கூடுதல் ஆள் தேவையில்லை.

அதற்கடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், புதுத் தெருவில் பெட்டிக்கடை வைத்திருந்த பழனியம்மாளின் தோட்டை எவனோ பறித்துக்கொண்டு ஓடினான். காது கிழிந்துவிட்டது. ஏட்டய்யா விரைந்து போனார். நானும் கூடவே போனேன். அந்தத் தெருவின் பீட்டுப் புத்தகம் அந்த அம்மாளின் கடையிலேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது. காதில் துணியைப் பொத்திக்கொண்டு அவர் கேட்டார்:

"ஏட்டய்யா, அந்தப் பொஸ்தகத்துல இன்னிக்கி என்னா எழுதியிருக்குது, படிங்க பாக்கலாம்."

அவர் எடுத்துப் பார்த்தார். தயங்கினார். பிறகு படித்தார். "பதினொரு மணி. எல்லாம் ஒழுங்கு."

"பதினோரு மணிக்குத்தான் எங்காது அறுந்துச்சு. உங்க போலீசு எந்த மூலையில நின்னு பாத்துக்கிட்டிருந்துச்சாம்?"

நான் தாளைப் புரட்டினேன். புதன், வியாழன் என்று ஞாயிறு வரை கையெழுத்து இருந்தது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, நாளைக்கும் நாளன்னைக்கும்கூட வந்துட்டுப் போயிட்டாருங்களா! நல்ல சுறுசுறுப்புங்க" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஏட்டய்யாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. என் முகத்தை யாரும் பார்க்காமலிருந்தால் போதும் என்றிருந்தது.

திரும்பும் வழியில் அவரே சொன்னார். "நாந்தானுங்க போடச் சொன்னேன். போகாத தெருவுக்கு வெத்து எடமா இருந்தா அந்தப் பையனுங்க தலையிலதானே விடியும்? திங்கக்கெழமையே வாரத்துக்கும் போட்டு வெச்சுருவானுங்க. ஆளுதான் இல்ல, கையெழுத்தாவது இருக்கட்டுமேன்னு நெனச்சேன்." சிறிது தூரம் போய், "நீங்களும் கையெழுத்தைத்தான் எண்ணுனீங்க, சார். ஆள எண்ணல" என்றார். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதனாலேயே அது இன்றுவரை என்னோடு இருக்கிறது. அதன் பிறகு நான் எழுதிய எந்தச் செய்தியையும் அந்த வாக்கியத்தைத் தாண்டித்தான் அனுப்பியிருக்கிறேன்.

மறுநாள் முதல் புத்தகங்களில் எழுதும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். ஆள் போன தெருவில் கையெழுத்து. போகாத தெருவில், தம் கையால், 'இன்று யாரும் வரவில்லை. ஆள் கோர்ட்டில்.' அடுத்த நாள், 'இன்று யாரும் வரவில்லை. ஆள் சம்மன் கொடுக்கப் போயிருக்கிறார்.' எழுதியதைக் கடைக்காரருக்கு வாய்விட்டுப் படித்தும் காட்டுவார். ஒரு வாரம் முடிந்ததும் நான் அவற்றைப் பிரதி எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"இதைப் பத்திரிகையில் போட்டால் முந்திய கையெழுத்துகளைப் பற்றிக் கேட்பார்கள். உங்கள் ஏட்டுப் பட்டைக்கு ஆபத்து" என்றேன். ஓய்வுக்கு அவருக்குச் சில வருஷங்களே மீதியிருந்தன.

"கேக்கட்டுங்க. கேட்டாத்தானே சொல்ல முடியும்?" என்றார். "போடுங்க. இந்த வாட்டி சரியா எண்ணிப் போடுங்க."

போட்டேன். மேலதிகாரி விசாரணைக்கு வந்தார். ஸ்டேஷன் தாழ்வாரத்தில் சாட்சியாக நானும் நின்றேன். பழைய கையெழுத்துகள் யாருடையவை என்று கேட்டபோது அவர் எந்தக் கான்ஸ்டபிளின் பெயரையும் சொல்லவில்லை. "பொய்க் கையெழுத்துங்க. நான் போடச் சொன்னதுங்க. பசங்க மேல தப்பில்லைங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டார். பதவி குறைக்கப்பட்டது. மறுநாள் அவர் சட்டைக் கையில் பட்டை தைத்திருந்த இடத்தில் நூல் துளைகள் மட்டும் தெரிந்தன. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றபோது, "சட்டை கொஞ்சம் லேசாயிருச்சுங்க, அவ்வளவுதான்" என்று சிரித்தார்.

புதிய ஏட்டு வந்தார். முனிரத்தினம் அவர்கள் நால்வரில் ஒருவராகி, அவருக்குச் சல்யூட் வைத்துவிட்டு, எஞ்சிய வருஷங்களைப் புதுத் தெரு ரோந்திலேயே கழித்தார். அவரால் வர முடியாத நாளில் முதல் நாளே சொல்லிவிடுவார். "நாளைக்கு நான் வரமாட்டேன், ஆத்தா" என்பார் பழனியம்மாளிடம். "அப்ப நாங்க பாத்துக்கறோம், நீங்க போயிட்டு வாங்க ஏட்டய்யா" என்பார் அவர். அன்று அந்தத் தெருவில் கடைக்காரர்களும் வீட்டுப் பெண்களும் முறைபோட்டு வெளியே உட்காருவார்கள். அந்நிய ஆள் நுழைந்தால் நான்கு பேர், "யாருங்க வேணும்?" என்று கேட்பார்கள். போலீஸ் வருகிறது என்று நம்பிக் கதவைத் திறந்து போட்டிருந்த தெரு, வரவில்லை என்று தெரிந்த பிறகு தானே விழித்துக்கொண்டது. அந்தத் தெருவில் பிறகு தோடு பறிபோனதாக நான் எழுத நேரவில்லை.

யுத்தம் முற்றிய காலத்தில் இரண்டாவது மகஜர் போயிற்று. இம்முறை அதோடு அவர் எழுதிய வெற்று நாட்களின் பிரதியும் போயிற்று. மேலிடத்தில் அதைப் படித்திருக்கிறார்கள். கூடுதலாக நான்கு பேர் வந்தார்கள். அந்தச் செய்தியை அவரிடம் சொல்ல ஓடினேன். "எட்டுப் பேருங்களா!" என்றார். விரல்விட்டுத் தெருக்களை எண்ணிப் பார்த்தார். "அப்பவும் ரெண்டு தெரு மிஞ்சுதுங்களே" என்றார். அவருடைய பட்டை திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அவர் கேட்டதுமில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் அவர் வீட்டுக்கு ஊரில் பாதி வந்துவிட்டது. வத்தல்மலையிலிருந்து சாமை மூட்டையோடு சந்தைக்கு இறங்கியவர்கள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வந்தார்கள். பழனியம்மாள் கடையைச் சாத்தவில்லை. மருமகளை உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார். கான்ஸ்டபிள்கள் எட்டுப் பேரும் சேர்ந்து வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். மூன்று பேர்தான் வந்தார்கள். வணங்கினார்கள், தோள் கொடுத்தார்கள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன்.

"பீட்டுல இருக்காங்க, சார். விட்டுட்டு வந்தா ஏட்டய்யாவே எந்திரிச்சுத் திட்டுவாரு."

பாடை புதுத் தெரு வழியாகப் போயிற்று. தெரு முனையில் ஒரு கான்ஸ்டபிள் தனியாக நின்றிருந்தார். அவர் இந்த ஊருக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். பாடை தாண்டும்வரை கையை இறக்கவில்லை. பிறகு ஊர்வலத்தோடு சேராமல் திரும்பி, அந்தத் தெருவுக்குள் நடந்து போனார்.

போய் வாருங்கள், ஏட்டய்யா. தெருவில் ஆள் இருக்கிறார். நான் எண்ணிப் பார்த்துவிட்டேன்.