கல்யாண மகாலில் பாதி வசனம், களஞ்சியத்தில் மீதி

இந்தப் பயணத்தில் நடந்தது அத்தனையையும் நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். மச்சானுக்குத் தொண்டை கம்மியபோது வீட்டில் எல்லாரும் சுக்கு, மிளகு தட்டிக்கொண்டிருக்க, "இது சளி இல்ல, பாண்டிச்சேரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று முதலில் வாயைத் திறந்தவன் நான். பெரிய ஆஸ்பத்திரியில் என்ன சொல்வார்கள் என்பதையும் சொன்னேன். செஞ்சியில் அன்றைக்குக் காற்று அடிக்கும் என்பதையும் சொன்னேன். படிப்பு ஒன்பதாவதோடு நின்றுபோனாலும் சில பேருக்கு இதெல்லாம் தானாக வரும். இந்த ஒரு தடவை வராமல் இருந்திருக்கலாம்.

மச்சான் ஏழுமலை என் தங்கை கஸ்தூரியின் வீட்டுக்காரர். அவலூர்பேட்டையில் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், ஏலம் கூவுவது அவர் வேலை. மைக் தொட்டதே கிடையாது. அவர் விலை கூவினால் அடுத்த ஊரில் மேய்கிற மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும். நானே நின்று பார்த்திருக்கிறேன். அந்தத் தொண்டையில்தான் புற்று. குரல்வளையை முழுசாக எடுத்தாக வேண்டும், திங்கட்கிழமை ஆபரேஷன், அதற்கப்புறம் பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உயிருக்கு என்ன என்று கேட்டதற்கு, "எடுத்துட்டுப் பார்ப்போம்" என்றாராம்.

வெள்ளிக்கிழமை மச்சான் போன் பண்ணினார். காய்ந்த சருகை மிதிப்பது போல ஒரு சத்தம். "மச்சான், செஞ்சிக்குப் போலாமா? கடைசியா ஒரு ஆட்டம் ஆடிட்டு வந்துடலாம்."

ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன், சினிமாப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு உபயோகப்படும். பிடித்த படத்தில் ரெண்டு பேர் மோதிக்கொள்கிற கட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் கண்ணில் படாத தூரத்தில் நின்று முதல் பாதி வசனத்தைச் சொல்ல வேண்டும். இன்னொருத்தர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, காதில் விழுந்த கையோடு மீதியைச் சொல்ல வேண்டும். கை ஆட்டக் கூடாது, போன் கூடாது. பதில் வந்துவிட்டால் முதல் பாதி சொன்னவர் டீ வாங்கணும். வராவிட்டால் திரும்பி நின்றவர் வாங்கணும். கல்யாண வீட்டில் ஆடியிருக்கிறோம், ரேஷன் கடை வரிசையில் ஆடியிருக்கிறோம். ஒரு சாவு வீட்டில் ஆடி உதையும் வாங்கியிருக்கிறோம்.

எங்கள் கட்டம் ஒரு ராஜா காலத்துப் படத்தில் வருவது. பேரைச் சொன்னால் கமெண்டில் சண்டைக்கு வருவீர்கள், வேண்டாம். வில்லன் கேட்பான், "கோட்டைக் கதவைத் திறந்தது யார்?" இருட்டுக்குள்ளிருந்து கதாநாயகன், "திறந்தது காற்று. நுழைந்தது நான்!" எடுத்தது செஞ்சிக் கோட்டையில்தான். வில்லன் நின்றது கல்யாண மகால் படியில், கதாநாயகன் இருந்தது களஞ்சியத்துக்குள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஈட்டியோடு நின்ற சிப்பாய்களில் ஒருத்தன் நான். தலை மட்டும் தெரியும்.

சனிக்கிழமை காலை ஏழரைக்குத் திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். இருபத்தெட்டு கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் செஞ்சி. அவர்கள் அவலூர்பேட்டை பஸ்ஸில் வந்து எனக்கு முன்னாலேயே ஸ்டாண்டில் நின்றார்கள். மச்சான் கழுத்தில் வெள்ளைத் துண்டு சுற்றியிருந்தார். இட்லி இறங்கவில்லை. பால் அரை டம்ளரோடு நிறுத்திக்கொண்டார். கஸ்தூரி பையில் கஞ்சி பிளாஸ்க்கும் ஒரு தடித்த சரித்திர நாவலும். அவள் விளையாட்டு வேறே. பிடித்த எழுத்தாளர் எந்த இடத்தைப் பற்றி எழுதினாரோ, அந்த இடத்திலேயே உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் படிப்பாள். அந்த நாவலில் செஞ்சி மட்டும் பாக்கியாம்.

கோட்டை ரெண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "இன்னா சார், ரீல்ஸ் எடுக்கவா?" என்றார்.

"படமே எடுத்த ஆளுங்கப்பா நாங்க."

"ஈட்டி புடிச்ச ஆளு," என்றார் மச்சான், அந்தச் சருகுக் குரலில்.

"இன்னாண்ணா, தொண்ட கட்டிக்கிச்சா? வெந்நீர்ல உப்பு போட்டுக் கொப்புளி. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"ஆமாம்பா. திங்கக்கெழமையோட சரியாயிடும்."

கஸ்தூரி வெளியே திரும்பிக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கு உள்ளே போனோம். டிக்கெட் ஆளுக்கு இருபத்தைந்து. ராஜகிரி மலையை நாங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கல்யாண மகால் அடிவாரத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து களஞ்சியம், நல்ல நாளில் கூப்பிடு தூரம்.

மகால் படியில் மச்சானை உட்கார வைத்தோம். கஸ்தூரி என்னைத் தனியே இழுத்தாள். "ண்ணா, ஒரே ஒரு தடவதான். தொண்டைக்கு வேல குடுக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. ரத்தம் வந்துதுன்னா உன்னத்தான் கேப்பேன்."

மச்சான் எங்களைக் கூப்பிடவில்லை, படியைத் தட்டினார். போனேன். "மச்சான், கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லிடு. ஏலத்துல பொய் வெல கூவக் கூடாது. அங்க வரைக்கும் வந்துச்சுன்னா போதும் எனக்கு. அப்புறம் எடுத்துக்கட்டும்."

"என் காதா? பக்கத்து ஊரு சிங்கவரத்துல எறும்பு நடந்தா எனக்கு இங்க கேக்கும்யா."

"அளக்காத. போ."

களஞ்சியத்துக்குள் வெளவால் நாற்றம், இருட்டு. சட்டப்படி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். வெளியே காற்று. அப்புறம் வந்தது பாருங்கள், கணீரென்று, மண்டியில் கேட்ட அதே குரல்! "கோட்டைக் கதவைத் திறந்தது யார்?" நான் அடிவயிற்றிலிருந்து கத்தினேன், "திறந்தது காற்று. நுழைந்தது நான்!" களஞ்சியமே அதை வாங்கித் திருப்பித் திருப்பிச் சொன்னது. வெளவால்கள் என் தலைக்கு மேலே பறந்தன.

திரும்பி வந்தபோது மச்சான் துண்டை வாயில் அழுத்திக்கொண்டிருந்தார். எடுத்தபோது ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. கஸ்தூரி மடியில் நாவல் திறந்திருந்தது, தலைகீழாக.

"கேட்டுச்சா?"

"கணீர்னு கேட்டுச்சு."

என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப டீ என்னுது," என்றார். வாசலுக்கு எதிர்க் கடையில் மூணு டீ வாங்கினார். அவரால் குடிக்க முடியவில்லை. டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார், ஆறும் வரைக்கும்.

ஆபரேஷன் முடிந்தது. கழுத்தில் ஒரு ஓட்டை, அது வழியாக மூச்சு. மண்டியில் மைக் வந்துவிட்டது. டாக்டர் இன்னும் "பார்ப்போம்" என்கிற வார்த்தையைவிட்டு நகரவில்லை. ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. அவர் போனில் பாதி வசனத்தை எழுதி அனுப்புவார், நான் மீதியைப் பேசி அனுப்ப வேண்டும். அதைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தமாகப் போடுகிறாராம், கஸ்தூரி திட்டுகிறாள்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானத்துக்கு மேல் ராஜகிரி ஏற விட மாட்டார்கள். தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், குரங்கு உங்களைவிட விவரம். முடியாதவர்களைக் கூட்டிப்போனால் கல்யாண மகால், களஞ்சியம், குளம் மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம், மலை ஏற வேண்டியதில்லை. வசனத்தை நன்றாக மனப்பாடம் பண்ணிக்கொண்டு போங்கள். யாரோடு ஆட ஆசையோ அவரோடு இந்த மாசமே போய்விடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஈட்டி பிடித்தது நிஜம், நம்பினால் நம்புங்கள். ஆனால் குரல் கணீரென்று வந்ததாக எழுதினேனே, அது நானாகக் கட்டியது. களஞ்சியத்துக்குள் எனக்குக் கேட்டது காற்று மட்டும்தான். நின்றேன், நின்றேன், இந்நேரம் சொல்லியிருப்பார் என்று நானே முடிவு பண்ணிக் கத்தினேன். அவர் சொல்லி முடித்திருந்தாரா, வாயைத் திறக்கும் முன்பே நான் கத்திவிட்டேனா, பக்கத்தில் இருந்த கஸ்தூரிக்குத்தான் தெரியும். அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மச்சான் இதைப் படிப்பார். நான் எதை எழுதினாலும் முழுசாகப் படித்துவிட்டு "புளுகு" என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்புவது அவர் வழக்கம்.

மச்சான், இதுக்கும் அதையே அனுப்பு.