தலையணைக்குள் ஓர் இலை

மல்வேர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் பராமரிப்பு வேலை செய்த குளிர்காலத்தில், ஒருவர் தினமும் மத்தியானம் தன் மனைவியைப் பார்க்க வருவார். நெடிய மனிதர். உள்ளே வந்த பிறகும் கம்பளித் தொப்பியைக் கழற்றமாட்டார். ஹவாயில் பிறந்த அந்த மனைவி பேச்சிழந்து படுக்கையில் கிடந்தார். அந்த அம்மாவுக்காக ஜன்னலடியில் லவாயே என்ற ஹவாய்ப் பன்னச்செடியை வளர்த்தார். வந்ததும் ஓர் இலையைக் கசக்கித் தலையணை உறைக்குள் வைப்பார்.

“இவவின்ர ஊரில முந்தி மரப்பட்டையில செய்த துணிக்கு இந்த இலையை வைச்சுத்தான் வாசமேத்துறவையாம்” என்றார்.

கொரோனா வந்துபோனதிலிருந்து அவருக்கு எந்த மணமும் தெரிவதில்லை. அதனால் இலையை என் மூக்கருகே நீட்டுவார்.

“மணக்குதே, பிள்ளை?”

ஹீற்றர் சூட்டில் வளர்ந்த அந்த இலையில் பச்சை வாடைகூட இல்லை.

“ஓம் அங்கிள், நல்லா மணக்குது.”

வேறென்ன சொல்லச் சொல்கிறீர்கள்?

ஒருநாள் நான் அப்படிச் சொன்னபோது, அந்த அம்மா என்னைப் பார்த்து இல்லையென்று மெல்லத் தலையசைத்தார். அங்கிளும் அதைக் கண்டார். மனைவியின் போர்வையை இழுத்துவிட்டார்.

மறுநாள், கட்டிலில் அந்த அம்மாவின் முகம் எனக்குத் தெரியாதபடி குறுக்கே வந்து நின்றுகொண்டு இலையை நீட்டினார்.

“மணக்குதே, பிள்ளை?”