எனக்காக நேர்ந்துவிட்ட சேவல்

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். இந்தப் பக்கம் அம்மாவின் ஐந்து கோழிகளும் ஒரு சேவலும். அந்தப் பக்கம், மில்லில் நைட் ஷிப்டு முடித்துவிட்டுக் காலை எட்டு மணிக்குப் படுக்கும் அண்ணன். அவர் கண்ணயரும் நேரம் பார்த்துத்தான் கோழிகள் முட்டையிட்டுவிட்டு ஊரைக் கூட்டும். சேவல் பின்பாட்டுப் பாடும்.

“ஏலே, அந்தச் சேவல அறுத்துத் தொலைங்கடா!” என்று சுவருக்கு அப்பாலிருந்து கத்துவார்.

“அதுக்கும் ஷிப்டு மாத்திக் கேட்டிருக்கேண்ணே. சூப்பர்வைசரு லீவாம்” என்பேன் நான்.

உண்மையில் அதை அறுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. நான் பத்தாம் வகுப்பு பாஸானால் குலசாமிக்குத் தருவதாக அம்மா நேர்ந்துவிட்ட சேவல் அது. நான் கணக்கில் கோட்டைவிட்டேன். மறுபடி எழுதி, மறுபடி விட்டேன். வேண்டுதல் பலிக்காமல் சாமிக்கும் கொடுக்கக் கூடாது என்றாள் அம்மா. நான் பெயிலாகப் பெயிலாக அது கொழுத்தது. “நாலெழுத்துப் படிச்சிருந்தா ஒரு உசுரு போயிருக்கும்ல?” என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

போன மாசியில் ஒருநாள் அண்ணன் விரலில் கட்டோடு வந்து இறங்கினார். நின்ற நிலையிலேயே கண் சொருகி, ஓடுகிற மிஷினில் கை பட்டுவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி, எங்கள் மதினி, வாசலுக்கு வந்தார். வீட்டுக்குள் தெலுங்கில் சண்டை போடுகிறவர், எங்களுக்காகக் கோபத்தையும் தமிழில் கொண்டுவந்திருந்தார்.

“அத்தே, இன்னைக்கி நகத்தோட போச்சு. நாளைக்கி வெரலு போனா இவுகள மில்லுல வச்சுக்கிருவாகளா? பகல்ல ஒரு மணி நேரங்கூடத் தூங்க விடமாட்டேங்குதே!”

அம்மா என்னைத்தான் பார்த்தாள்.

சாயங்காலமே சுவரோரம் கோழிகள் முட்டையிடும் கூடைகளைத் தூக்கி, தெருப்பக்கம் என் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். மறுநாள் அண்ணன் வருவதற்குள் சேவலை வேப்பமர நிழலில் பஞ்சாரம் கவிழ்த்து மூடினேன். தாழ்வான கூடை, கழுத்தை நீட்ட இடமில்லாவிட்டால் சேவலுக்குக் கூவ வராது. தொண்டைக்குள்ளேயே ஏதோ முனகிவிட்டு, ஒற்றைக் கண்ணால் என்னை முறைத்தது. தண்ணீர் வைத்தேன்.

“இங்கரு, பெயிலானது நானு. உள்ள இருக்கிறது நீயி. என்ன செய்ய?”

பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். பத்து மணி இருக்கும். அந்தப் பக்கமிருந்து, மண் ரோட்டில் லோடு வண்டி ஏறுகிற மாதிரி ஒரு சத்தம். என்னவென்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று. அண்ணனின் குறட்டை.

இத்தனை வருஷமாகப் பக்கத்து வீடு. அதை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன்.