எல்லாம் டாக்குமெண்டேஷனில் இருக்கிறது

என் தங்கை மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுச் சீட்டைக்கூட ஒரு வரி விடாமல் படிப்பவள். வீட்டில் அவளுக்குப் பெயரே 'வாத்தியார்'. அப்படிப்பட்டவளைப் போய், படிக்காமல் செய்துவிட்டாள் என்று ஆபீசே சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் சாஃப்ட்வேர் எழுதுபவள். புற்றுநோய்ப் பரிசோதனை செய்யும் ஒரு லேப், முடிவு தயாரானதும் நோயாளிகளின் போனுக்குத் தானாக மெசேஜ் போக வேண்டும் என்று கேட்டிருந்தது. "ஒண்ணு தப்பாப் போனாலும் ஒரு குடும்பமே இடிஞ்சு போயிடும்க்கா" என்று, வேலை கைக்கு வந்த அன்றே பயந்தாள்.

மெசேஜை அனுப்பிக் கொடுப்பது வேறொரு கம்பெனி. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அவர்கள் இணையத்தில் ஒரு டாக்குமெண்டேஷன் வைத்திருந்தார்கள். அதை எழுதியவர்கள் கையில் கிடைத்தால் நான் சும்மா விடமாட்டேன். பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. எந்தப் பக்கத்திலும் தேதி கிடையாது. ஒரு பக்கம் இன்னொன்றைப் பார் என்னும். அங்கே போனால் முதல் பக்கத்துக்கே திருப்பி விரட்டும். அவள் எழுதியதைச் சோதித்துப் பார்க்கும்போது மெசேஜ் உண்மையிலேயே போய்விடுமா? இந்த ஒரு கேள்விக்காகச் சாப்பாட்டு மேசையிலேயே தவம் கிடந்தாள். அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டதற்கு, "எல்லாம் டாக்குமெண்டேஷனில் இருக்கிறது" என்று பதில் வந்தது. கடைசியில் ஒரு பக்கம் கிடைத்தது. சோதனையில் எதுவும் வெளியே போகாது என்று அதில் தெளிவாக இருந்தது. அதை நம்பி, லேப் கொடுத்த நோயாளிகள் பட்டியலோடும் மாதிரி மெசேஜோடும் ஓட்டிப் பார்த்தாள்.

அது பழைய பதிப்பின் பக்கம். முடிவுக்காகக் காத்திருந்த அத்தனை பேருக்கும் மெசேஜ் போய்விட்டது: 'உங்கள் பரிசோதனை முடிவு குறித்துப் பேச, துணைக்கு ஒருவருடன் உடனே வரவும்.' புதிய பதிப்பில் சோதனையும் நிஜமாகவே போகும் என்ற வரி, கட்டண விவரங்களுக்கு அடியில் கிடந்ததாம். எழுதித்தான் இருக்கிறது, அதனால் தப்பு அவர்களுடையது இல்லையாம்.

மறுநாள் காலை லேப் வாசலில் கூட்டம். மன்னிப்பு மெசேஜ் அனுப்பினால் போதும் என்றார் அவள் ஆபீஸ் மேனேஜர். இவள் கேட்கவில்லை, நேரில் கிளம்பினாள். நானும் போனேன். ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிட்டு, "அது தப்பா வந்த மெசேஜ், பயப்படாதீங்க" என்றாள். சிலர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். ஒருவர் அடிக்கவே வந்தார். மகனோடு வந்திருந்த ஓர் அம்மா மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "போன உயிர் திரும்பி வந்துச்சும்மா. நீ நல்லா இருக்கணும்" என்று சொல்லி, நம்பரும் வாங்கிக்கொண்டு போனார்.

மாலையில் லேப் டாக்டர் தங்கையை அழைத்தார். அந்த அம்மாவின் முடிவு அப்போதுதான் வந்திருந்தது. விவரம் எதுவும் அவர் சொல்லவில்லை. "மகனோட நாளைக்கே வரணும். இந்தத் தடவை நிஜமாவே. நாங்க கூப்பிட்டா, அந்தப் பொண்ணு நேர்லயே சொல்லிட்டாளேன்னு சிரிச்சுட்டு வச்சுடறாங்க. நீங்க சொன்னா வருவாங்க."

நான் பேசுகிறேன் என்றேன். அவள் போனைத் தராமல், தானே அந்த அம்மாவை அழைத்தாள். அவர் எடுத்தார். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"நீயாம்மா! பாரு, மறுபடியும் தப்பாக் கூப்பிடறாங்க. நீ கொஞ்சம் அவங்ககிட்ட சொல்லி வையேன்."